சாம்பல் முகமும் கறுப்பு வாக்குமூலமும்

பெரிய மண்டை, மயிரில்லாத தோல், பக்கவாட்டில் இழுத்து ஓடுகிற இரண்டு கறுத்த கண்கள், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மூக்கு, கோடு கிழித்தது போல வாய், குச்சிக் கைகால். இந்த உருவத்தைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. பனியனில் இருக்கிறது, சாவிக்கொத்தில் தொங்குகிறது, பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கி வைக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசி என்றதும் இந்த முகம்தான் வந்து நிற்கிறது. அமெரிக்கப் பறக்கும் தட்டுக் கதைகளில் இவர்களுக்கு 'கிரே' என்று பெயர். சாம்பல் ஆட்கள்.

இந்த முகம் எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு போனால் ஒரு கறுப்பு மனிதனின் அலறலில் போய் முட்டிக்கொள்கிறோம். பறக்கும் தட்டு உண்டா இல்லையா என்பது இங்கே வழக்கு இல்லை. இல்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த அலறல் உண்டு. ஒலிநாடாவில் பதிவாகி இருக்கிறது. அந்த அலறலை எடுத்துக்கொண்டு, அலறியவனைக் கழற்றிப் போட்டது எப்படி என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

1961 செப்டம்பர் 19 இரவு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில், மலைக்காட்டு வழியே போகும் மூன்றாம் எண் சாலை. பார்னி ஹில் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார். பக்கத்தில் மனைவி பெட்டி, கூடவே ஒரு நாய். நயாகரா, மான்ட்ரியால் என்று சுற்றிவிட்டு போர்ட்ஸ்மவுத் ஊரிலிருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பார்னி கறுப்பர், வயது 39, இராணுவத்தில் இருந்தவர். பாஸ்டன் தபால் நிலையத்தில் ராத்திரி வேலை. போக வர தினமும் 120 மைல். கறுப்பர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. இயக்கத்தில் ஈடுபாடு உள்ளவர். பெட்டி வெள்ளைக்காரர், அரசின் குழந்தைகள் நலத்துறையில் சமூகப் பணியாளர்.

இது எந்த ஆண்டு என்பதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த வருஷம் மே 14ஆம் தேதிதான் அலபாமாவின் அனிஸ்டன் ஊருக்கு வெளியே, பேருந்தில் சமமாக உட்கார்ந்து பயணம் செய்த கறுப்பு, வெள்ளைத் தோழர்களின் வண்டியை வெள்ளை வெறியர்கள் கொளுத்தினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதைக் குற்றமாக்கிய சட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967இல்தான். அப்போதும் 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் இருந்தது. நியூ ஹாம்ப்ஷையரில் அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் கண்கள் உண்டு. வழியில் எந்த ஊரில் சோறு கிடைக்கும், எந்த விடுதியில் படுக்க விடுவார்கள் என்று கறுப்பர்களுக்குச் சொல்வதற்காகவே 1936 முதல் ஒரு கையேடு வந்துகொண்டிருந்தது. 'பச்சைப் புத்தகம்' என்பார்கள். அதைத் தொகுத்த விக்டர் கிரீனும் ஒரு தபால்காரர்தான்.

அந்த இரவுச் சாலையில் வானத்தில் ஒரு வெளிச்சம் தங்களைத் தொடர்வதாக இருவருக்கும் தோன்றுகிறது. பார்னி வண்டியை நிறுத்துகிறார். பின்பெட்டியில் வைத்திருந்த கைத்துப்பாக்கியை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு, பைனாகுலரோடு வயலுக்குள் இறங்கிப் போய்ப் பார்க்கிறார். தட்டின் சன்னல்களில் ஆட்கள். பளபளக்கும் கறுப்புச் சீருடை, கறுப்புத் தொப்பி. அவரையே பார்க்கிறார்கள். பிடிக்கப் போகிறார்கள் என்று கத்திக்கொண்டு ஓடிவந்து வண்டியை எடுக்கிறார். வீடு வந்து சேர்ந்த பிறகு கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தைக் காணோம்.

பிறகு பெட்டிக்குக் கெட்ட கனவுகள். பார்னிக்கு வயிற்றுப் புண், ரத்தக் கொதிப்பு, தூக்கமில்லை. கடைசியில் பாஸ்டனில் டாக்டர் பெஞ்சமின் சைமன் என்ற மனநல மருத்துவரிடம் போகிறார்கள். 1964 ஜனவரியில் தொடங்கி அரைத்தூக்க நிலையில் வைத்து இருவரையும் தனித்தனியாகப் பேச வைக்கிறார் அவர். மலைச்சாலையில் ஆட்கள் மறித்தது, காட்டு வழியே நடத்திக் கூட்டிப்போனது, மேசையில் கிடத்திச் சோதித்தது எல்லாம் அங்கேதான் வெளியே வந்தது.

பார்னியின் வாக்குமூலத்தில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சன்னலில் தெரிந்த முகங்களைப் பற்றிச் சொல்லும்போது முதலில் அவர் வாயில் வருவது சாம்பல் ஆள் இல்லை. செம்பட்டைத் தலை ஐரிஷ்காரன் மாதிரி ஒருவன் என்கிறார். ஏன் ஐரிஷ்காரன்? அவர்கள் நீக்ரோக்களிடம் பகை காட்டுகிறவர்கள் என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம் என்று அவரே விளக்கமும் சொல்கிறார். இன்னொருவனைப் பார்த்ததும் ஜெர்மன் நாஜி என்கிறார். கழுத்தில் கறுப்புத் துணி. அதற்குப் பிறகுதான் கண்கள். தலையைச் சுற்றி ஓடுகிற கண்கள், தன் கண்ணுக்குள் வந்து அழுத்துகிற கண்கள்.

வானத்திலிருந்து வந்தது யார்? சீருடை போட்ட வெள்ளைக்காரன். அது மட்டுமா? மான்ட்ரியாலில் நீக்ரோவுக்கு அறை கொடுப்பார்களா, சாப்பிட நுழைந்த இடத்தில் யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பயணம் முழுக்க மனசுக்குள் ஓடிய கணக்குகளையும் அதே அரைத்தூக்கத்தில் அவர் கொட்டுகிறார். அறை கேட்பதற்கு முன்னாலேயே வரப்போகிற பதிலை ஒத்திகை பார்த்துக்கொள்வது எப்படிப்பட்டது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு இருட்டில், ஆளில்லாத ரோட்டில், கூட வெள்ளைக்காரி இருக்கும்போது, கும்பலாக நின்று வண்டியை மறிக்கிறார்கள். ஒரு கறுப்பு மனிதன் இதற்காக ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மேசைக்கு வருவோம். உடுப்பைக் கழற்றுகிறார்கள், தோலைச் சுரண்டுகிறார்கள், மயிரை வெட்டி எடுக்கிறார்கள். பெட்டியின் தொப்புளில் ஊசி. பார்னியின் அரையில் ஏதோ கிண்ணம் போலப் பொருத்துகிறார்கள். பார்னிக்குப் பொய்ப்பல். அது கையோடு கழன்று வருவதும் பெட்டியின் பல் கழலாததும் அந்த ஆட்களுக்கு வியப்பாக இருந்ததாம். பறக்கும் தட்டு எழுத்தாளர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கறுப்பனின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது அமெரிக்காவுக்குப் புதுசா? அடிமைச் சந்தையில் மாட்டுக்குப் பார்ப்பது போலப் பல் பார்த்துத்தான் விலை பேசினார்கள். 1840களில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அனார்க்கா, பெட்சி, லூசி முதலான அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத்தான் தன் சிகிச்சை முறையைக் கண்டுபிடித்தார். டஸ்கீகியில் மேகநோய் வந்த சுமார் 400 கறுப்பு ஆண்களுக்கு மருந்து கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தது 1932இலிருந்து 1972வரை. பார்னி அந்த மேசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த 1964இல் அந்த ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. உடம்புக்குத் தெரியும் என்று எழுதலாம்தான், ஆனால் அது எழுத்தாளன் செய்யும் மோசடி. தெரியாது என்பதே பெரிய விஷயம்.

இங்கே எனக்கே ஒரு எச்சரிக்கை. டாக்டர் சைமன் என்ன முடிவுக்கு வந்தார்? கடத்தல் நடக்கவில்லை, பெட்டி தன் கனவுகளைச் சொல்லிச் சொல்லி அது பார்னியின் நினைவாகிவிட்டது என்றார். நியாயமான முடிவு, நானும் ஏற்கிறேன். ஆனால் இனவெறிப் பயம்தான் தட்டாக வந்தது, முடிந்தது கதை என்று நாம் சொல்லும்போதும் மருத்துவரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அவன் சொன்னதை அவனைவிட நமக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்கிறோம். நம் சாட்சியங்களை இப்படித்தானே வாசித்தார்கள்? மிகைப்படுத்தல் என்றார்கள், தாழ்வு மனப்பான்மை என்றார்கள். பார்னி விளம்பரம் தேடியவர் இல்லை. இதை மறந்துவிடத்தான் விரும்பினார். 1965 அக்டோபரில் பாஸ்டன் பத்திரிகை ஒன்று அவர்கள் சம்மதமில்லாமல் கதையை முதல் பக்கத்தில் போட்டது. அதன் பிறகுதான் ஜான் ஃபுல்லர் எழுதிய புத்தகம் 1966இல் வந்தது. மத்தேயு போமன் 2023இல் எழுதிய வரலாறு இந்தத் தம்பதியைக் குடியுரிமைப் போராட்டக் காலத்துக்குள் வைத்துப் பார்க்கிறது. அதற்குள் அறுபது வருஷம் ஓடிவிட்டது.

இந்த அறுபது வருஷத்தில் என்ன நடந்தது? 1975 அக்டோபரில் ஹில் தம்பதியின் கதை தொலைக்காட்சிப் படமானது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பார்னியாக நடித்தார். இரண்டு வாரம் கழித்து அரிசோனாவில் டிராவிஸ் வால்டன் என்ற மரம்வெட்டி தன்னைத் தட்டு தூக்கிப்போனதாகச் சொன்னார். 1977இல் ஸ்பீல்பெர்க் படம். 1987இல் விட்லி ஸ்ட்ரீபர் எழுதிய 'கம்யூனியன்' புத்தகத்தின் அட்டையில் இன்று நாம் பார்க்கிற அந்த முகம் அச்சாகி உலகம் பூரா போனது. இந்தப் பெயர்பெற்ற கதைகளில் தூக்கிப் போகப்படுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள். கண்ணை வைத்துக்கொண்டார்கள். ஐரிஷ்காரனும் நாஜியும் காணாமல் போனார்கள். பார்னியின் கண் வர்ணனைக்குச் சில நாள் முன்பு, 1964 பிப்ரவரி 10ஆம் தேதி ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் இதே மாதிரிக் கண்ணோடு ஒரு உருவம் வந்ததை 1990இல் மார்ட்டின் காட்மெயர் எடுத்துக் காட்டினார். சரி, கண் தொலைக்காட்சியிலிருந்து வந்திருக்கலாம். நாஜி எங்கிருந்து வந்தான் என்ற கேள்விக்கு இவ்வளவு துப்பறிவு நடக்கவில்லை.

அதோடு விட்டார்களா? ஆகாயத்திலும் வருணம் பிரித்தார்கள். பறக்கும் தட்டுப் புராணத்தில் 'நார்டிக்' என்று ஓர் இனம் உண்டு. உயரம், பொன்முடி, நீலக்கண். அன்பே உருவானவர்கள், ஞான உபதேசம் செய்வார்கள். 1952இல் கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஜார்ஜ் ஆடம்ஸ்கி சந்தித்ததாகச் சொன்ன வெள்ளிக்கிரகத்துக்காரன் அந்த வகை முன்னோடி. சாம்பல் ஆட்களுக்குள்ளும் மேல் கீழ். குட்டைச் சாம்பல் தூக்குவது, பிடிப்பது போன்ற எடுபிடி வேலை, நெட்டைச் சாம்பல் மருத்துவர். வெளுத்த தோல் குரு, மங்கிய தோல் கூலி! இதைக் கற்பனை செய்ய வேறு கிரகத்துக்கு ஏன் போகணும்?

பெரிய மண்டைக்கும் ஒரு வம்சம் இருக்கிறது. எச்.ஜி. வெல்ஸ் 1893இல் எழுதிய ஒரு கட்டுரையில், பத்து லட்சம் ஆண்டுக்குப் பிந்திய மனிதன் மூளை பெருத்து உடம்பு சூம்பிப் போனவனாக வருகிறான். கையால் வேலை செய்யாதவனே பரிணாமத்தின் உச்சம் என்கிற சித்திரம் இது. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கணக்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மண்டை பரிச்சயமானதுதான். வெல்ஸுக்குக் குற்ற உணர்வும் இருந்தது. 1898இல் வந்த செவ்வாய்க்காரர் நாவலின் தொடக்கத்திலேயே, டாஸ்மேனிய மக்களை நாம் அழிக்கவில்லையா என்று கேட்டுவிடுகிறார். பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது கலப்பு பற்றிய பயம். 1980களிலிருந்து கடத்தல் கதைகளின் மையமே பிள்ளை பெறுவதுதான். பட் ஹாப்கின்ஸ், டேவிட் ஜேக்கப்ஸ் ஆகியோரின் புத்தகங்களில் சாம்பல் ஆட்கள் வித்தும் கருவும் எடுத்துக் கலப்பினம் உண்டாக்குகிறார்கள். 1998இல் வந்த ஜேக்கப்ஸின் நூலில் அந்தக் கலப்புப் பிள்ளைகள் பார்க்க மனிதர் போலவே இருந்துகொண்டு நமக்குள்ளே புழங்கப் போகிறார்கள் என்று மிரட்டல். தோலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத கலப்பு ரத்தம்! இது அமெரிக்க வெள்ளையின் பழைய கெட்ட கனவு. அடிமைப் பெண்ணிடம் பலவந்தமாகப் பிள்ளை பெற்று, அதை விற்றவனின் பேரன், இப்போது தன் வித்தை எவனோ திருடுவதாக அழுகிறான். கலந்து வாழ்ந்த ஒரு தம்பதியின் கதையில் தொடங்கியது, கலப்பே ஆபத்து என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதற்குக் கறுப்பர்கள் பதில் எழுதாமல் இல்லை. சட்டப் பேராசிரியர் டெரிக் பெல் 1992இல் 'விண்வெளி வணிகர்கள்' என்று ஒரு கதை எழுதினார். ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் ஒரு கறுப்புப் பெண்ணுக்குக்கூட நிரந்தரப் பேராசிரியர் பதவி இல்லை என்று எதிர்த்து வேலையை இழந்தவர். கதையில் 2000ஆம் ஆண்டு முதல் நாள் அட்லாண்டிக் கரையில் கப்பல்கள் இறங்குகின்றன. வந்தவர்கள் ரொனால்ட் ரீகன் குரலில் பேசுகிறார்கள். கடனை அடைக்கத் தங்கம் தருகிறோம், மாசு நீக்க மருந்து தருகிறோம், ஆபத்தில்லாத அணுசக்தி தருகிறோம். பதிலுக்கு உங்கள் கறுப்பர்கள் எல்லோரையும் கொடுங்கள். பதினாறு நாள் விவாதிக்கிறார்கள். பொது வாக்கெடுப்பில் 70 சதவீதம் 'கொடுத்துவிடலாம்'. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறை அன்று கறுப்பர்கள் கப்பலில் ஏற்றப்படுகிறார்கள்.

கதையாக இது தட்டையானது. பாத்திரங்கள் வழக்கறிஞர் நோட்டீஸ் மாதிரிப் பேசுகின்றன. ஆனாலும் என்னை விடவில்லை. காரணம், பெல் அந்நியர்களை வர்ணிப்பதில் அக்கறை காட்டவில்லை, வாக்குப் போட்டவர்களையே பார்க்க வைக்கிறார். கடத்திக்கொண்டு போனவர்களின் சந்ததிதான் நாங்கள் என்று கறுப்பு எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் இதே காலத்தில் பேசத் தொடங்கியிருந்தார்கள். கப்பல், மொழி தெரியாத ஆட்கள், உடம்புச் சோதனை, திரும்பி வராத ஊர் எல்லாம் அவர்களுக்கு ஏற்கனவே நடந்து முடிந்த சங்கதிகள்.

பார்னி ஹில் 1969 பிப்ரவரியில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து 46 வயதில் செத்துப்போனார். பெட்டி 2004வரை இருந்தார். தட்டுகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டும் இருந்தார். 2011இல் நியூ ஹாம்ப்ஷையர் அரசு அந்த மூன்றாம் எண் சாலையில், லிங்கன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு நினைவுப் பலகை நட்டது. தேதி, தம்பதியின் பெயர், தட்டு சுருட்டு வடிவத்தில் இருந்தது, விமானப்படையிடம் புகார் கொடுத்தது, இரண்டு மணி நேரம் காணாமல் போனது எல்லாம் அதில் இருக்கிறது. வண்டி ஓட்டிய ஆள் கறுப்பர் என்ற தகவல் மட்டும் அதில் ஏறவில்லை.