கோபநமும் காத்தலும்

வடமொழியில் காத்தலைக் குறிக்கும் தாதுக்களுள் 'ரக்ஷ்' என்பது காத்தலையே முதன்மையாகச் சுட்டும். 'குப்' என்பதோ காத்தலோடு மறைத்தலையும் உணர்த்தும். 'குப்தம்' என்பது காக்கப்பட்டதுமாம், மறைக்கப்பட்டதுமாம். சரணாகதியின் அங்கங்களுள் ரக்ஷிப்பான் என்னும் விச்வாஸத்தில் முன்னதும், கோப்த்ருத்வ வரணத்தில் பின்னதும் பயில்கின்றன. தமிழாக்குவோர் இரண்டையும் 'காத்தல்' என்றே எழுதுவர். மறைத்தற்பொருளுக்கு அங்கே இடமில்லாமையால் அது பிழையன்று. ரஹஸ்யார்த்தங்களைக் 'கோப்யம்' என்னுமிடத்திலோ அச்சொல் போதாது.

தமிழில் 'கா' என்னும் வினை வேறொரு திசையில் விரிகிறது. நாவையும் சினத்தையும் காக்கச் சொல்லும் திருக்குறளில் காத்தலாவது அடக்குதல். அது பிறர் காணாதபடி ஒளிப்பதன்று. தன்னிடம் எழுவதைத் தானே நிறுத்துவது. ஆக, வடமொழித் தாது மறைப்பையும் தமிழ் வினை அடக்கத்தையும் தழுவி நிற்கின்றன.

இவ்வேற்றுமையை உளங்கொண்டால் திருக்கோட்டியூர் வரலாறு தெளிவாகும். நம்பி பதினெட்டு முறை நடக்கச் செய்து, பிறர்க்கு வெளியிடலாகாது என்று ஆணையிட்டுப் பொருளை அருளினார். எம்பெருமானார் அதனை விருப்பமுடையார் பலர்க்கும் வழங்கினார். கோபநமே இதனால் ஒழிந்தது என்பாருளர். அது பொருந்தாது. ஒழிந்தது ஒருவர்க்கு ஒருவரே என்னும் வரம்பு. விருப்பம் வேண்டும் என்னும் நியமம் ஒழியவில்லை.

ஈட்டின் வரலாறும் இதற்குச் சான்று. வடக்குத்திருவீதிப்பிள்ளை அனுமதியின்றி ஏடுபடுத்தியதை நம்பிள்ளை தம்மிடமே வாங்கி வைத்து, பின்னர் ஈயுண்ணி மாதவப்பெருமாளுக்கு அளித்தார். அவர் வழியில் அது நாலூர்ப்பிள்ளை, நாலூராச்சான்பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை ஆகியோரைக் கடந்து மணவாளமாமுனிகளை அடைந்தது. அவர் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு அதனை விரித்துரைத்தார். நம்பிள்ளை செய்தது மறைத்தல் மட்டுமாயின் ஈடு அவரோடு நின்றிருக்கும். தக்கார் ஒருவரிடம் அதனைச் சேர்த்தமையால் அம்மறைத்தலே காத்தலாயிற்று.

ஆதலின் கோபநத்தின் தகுதியை அளக்கும் கோல், ஒரு பொருள் எவர்க்கு மறைக்கப்பட்டது என்பதன்று. எவர்க்காக வைக்கப்பட்டது என்பதே. பெறுவார் ஒருவரையும் கருதாது பெட்டியில் செல்லரிக்க விடப்படும் ஓலைக்குக் 'கோப்யம்' என்னும் பெயர் பொருந்தாது. அங்கே மறைத்தல் உண்டு, காத்தல் இல்லை.