டிஸ்ப்ளேயைக் கையால் அமைக்கலாமா?

எஸ்எஸ்எச் வழியே தொலைவிலுள்ள லினக்ஸ் கணினிக்குள் நுழைந்து ஜிம்ப்பைத் திறந்தால், டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை இரண்டு. டிஸ்ப்ளே மாறிக்கு ':0' என்று மதிப்புக் கொடு. அதுவும் பலிக்காவிட்டால் 'எக்ஸ்ஹோஸ்ட் +' அடி. இரண்டையும் நான் நிராகரிக்கிறேன்.

எம்ஐடியில் 1984-இல் பிறந்த எக்ஸ் விண்டோ முறையில், திரை இருக்கும் கணினிதான் சர்வர். செயலி அதனிடம் வரும் கிளையன்ட். செயலி எந்தத் திரையைத் தேட வேண்டும் என்ற முகவரியே டிஸ்ப்ளே மாறி. ':0' என்றால் செயலி ஓடும் கணினியின் சொந்தத் திரை. உங்கள் மடிக்கணினிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'எக்ஸ்ஹோஸ்ட் +' அதைவிட மோசம்: அது உங்கள் திரையின் அனுமதிச் சோதனையை முழுவதுமாக நீக்கிவிடுகிறது.

எஸ்எஸ்எச் இதைத் தானே சரியாகச் செய்கிறது. பெரிய எழுத்து '-எக்ஸ்' கொடுத்து நுழைந்தால், மறுமுனை டிஸ்ப்ளேயை 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்று அமைக்கும். அசல் திரைகளின் எண்களோடு மோதாதிருக்கவே 10. அதற்குரிய போர்ட் 6010. அங்கே வரும் தரவு மறையாக்கம் செய்யப்பட்ட சுரங்கம் வழியே உங்களிடம் வரும். திரையை அணுக அனுமதி தரும் குக்கீயிலும், மறுமுனைக்குப் போவது போலிதான். அதன் இடத்தில் அசல் குக்கீயை உங்கள் பக்கத்து எஸ்எஸ்எச் வைக்கிறது. நேர்த்தியான வடிவமைப்பு! பாஷ்ஆர்சி கோப்பில் டிஸ்ப்ளேயை எழுதி வைப்பவர் இதையெல்லாம் ஒரே வரியில் கெடுத்துவிடுகிறார். மாறி காலியாக இருந்தால் பார்க்க வேண்டியவை வேறு: மறுமுனை எஸ்எஸ்எச் சர்வரில் எக்ஸ்11ஃபார்வர்டிங் அனுமதிக்கப்பட்டுள்ளதா, எக்ஸ்ஆத் நிறுவப்பட்டுள்ளதா என்பவை.

உண்மையில் நாம் எடுக்க வேண்டிய முடிவு '-எக்ஸ்'ஸா '-ஒய்'யா என்பதுதான். '-ஒய்' என்றால் தொலைச் செயலியை முழுமையாக நம்புகிறோம். அது நம் மற்ற சாளரங்களைப் படம் பிடிக்கலாம், விசையழுத்தங்களை ஒட்டுக்கேட்கலாம். அந்தக் கணினியின் ரூட் அதிகாரம் உள்ளவருக்கும் இதே வாய்ப்பு உண்டு. '-எக்ஸ்' இவற்றைக் கட்டுப்படுத்த வேண்டியது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டில் பல செயலிகள் முறிந்துபோகின்றன என்று டெபியன், '-எக்ஸ்'ஸையும் '-ஒய்' போலவே இயங்கும்படி இயல்பமைப்பில் வைத்திருக்கிறது. காரணம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஏற்க முடியவில்லை. பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்தே பயனர் '-எக்ஸ்' அடிக்கிறார்.

இந்த எக்ஸ்11 ஃபார்வர்டிங்குக்கு வேகத்திலும் குறை உண்டு. ஒரே அலுவலக வலையமைப்பில் தெரியாத தாமதம், கண்டம் தாண்டினால் ஒவ்வொரு மெனுவிலும் தெரியும். இணைப்பு அறுந்தால் செயலியும் போகும்.

ஆகவே, நீங்களே நிர்வகிக்கும், பக்கத்திலுள்ள கணினியில் ஒற்றைச் சாளரம் திறக்க எக்ஸ்11 ஃபார்வர்டிங் போதும். பலர் பகிரும் சர்வருக்கு அது வேண்டாம். எஸ்எஸ்எச் வழியாக எக்ஸ்ப்ராவையோ விஎன்சியையோ பயன்படுத்துங்கள். அவற்றில் எக்ஸ் சர்வர் மறுமுனையிலேயே ஓடுகிறது. உங்கள் எக்ஸ் சர்வரைத் தொலைச் செயலி தொடுவதில்லை.