பொதுத் தொழிலும் அடுப்பங்கரையும்: தோட்டத்துத் தாயை முன்வைத்து ஒரு விமர்சனம்

பெண்விடுதலை பற்றிய முற்போக்குச் சிந்தனையில், ஏங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்னும் நூலுக்குத் தனியிடம் உண்டு. பெண்கள் அனைவரும் பொது உற்பத்தியிற் பங்குகொள்வதே விடுதலைக்கான முதல் நிபந்தனை என அவர் கருதினார். நம்மவர் பலர் ‘முதல்’ என்பதை மறந்து, அதனையே முழு நிபந்தனையாகக் கொண்டுவிட்டனர். இக்கருத்தின் போதாமையை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிற் காணலாம்.

1867இல் லூல்கந்துரவிலே தேயிலை வர்த்தகப் பயிராகத் தொடங்கிற்று. தேயிலை பெருகியபோது கொழுந்து பறித்தல் பெரிதும் பெண்களின் தொழிலாயிற்று. எனவே மலையகத் தமிழ்ப்பெண் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பொது உற்பத்தியில் நிற்பவள். அவள் விடுதலை பெற்றாளா?

விடியுமுன் எழுந்து, தண்ணீர் சுமந்து, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு அவள் மலையேறுகிறாள். மாலையிற் கொழுந்து நிறுத்துத் திரும்பியதும் இரண்டாவது வேலைநாள் தொடங்குகிறது. ஆண்களுக்குரிய கவ்வாத்து, கான்வெட்டு முதலியன பெரும்பாலும் அளவிட்டுக் கொடுக்கப்படும் வேலைகள். நண்பகல் கழிந்ததும் முடியக்கூடியன. லயத்துக்கு முதலில் வருபவன் கணவனே. ஆயினும் அடுப்பு மூட்டப்படுவது அவள் வந்த பின்னரே.

பிள்ளைக்காம்பரா, ஏங்கெல்ஸ் எதிர்நோக்கிய சமூகப் பராமரிப்பின் தொடக்கம் எனச் சிலர் கூறலாம். அது பயனுடையது என்பதில் ஐயமில்லை. ஆயின் அது தாயின் ஓய்வைக் கருதி எழுந்ததன்று; கொழுந்து பறித்தல் தடைப்படாதிருக்க எழுந்தது. வேலை முடிய அதன் பணியும் முடிகிறது.

1972, 1975ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1984இல் ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுள் எதுவும் வீட்டுவேலையின் பிரிவினையைத் தொடவில்லை.

ஆணும் சுரண்டப்படுபவனே என்பது உண்மை. ஆனால் தோட்டத்திற் சுரண்டப்படுவது, வீட்டில் மனைவியின் உழைப்பைக் கூலியின்றிப் பெறுவதற்கு நியாயமாகாது. தொழிற்சங்க மேடை இதனைக் குடும்ப விடயமென ஒதுக்குகிறது. ஓயாது உழைக்கும் தாயைத் தியாகத்தின் உருவமாகப் போற்றும் எழுத்தும், தன்னையறியாமலே அவ்வொதுக்கலுக்குத் துணைபோகிறது.

தாய்க்கு வேண்டுவது புகழன்று, நேரம். பிள்ளைக்காம்பராவின் நேரமும் தரமும் சங்கக் கோரிக்கைகளாக வேண்டும். வீட்டுவேலைப் பங்கீடும் சங்கத்தில் விவாதிக்கப்படவேண்டும். அவ்விவாதத்தை முற்போக்காளர் தம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவதே நேர்மையாகும்.