முதலிதழ் விழாவும் மூன்றாமிதழ்ச் சோதனையும்

மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் தொடங்கிய இதழ்களின் பெயர்களை வரிசைப்படுத்தினால் அவ்வரிசை நீண்டு செல்லும். அவற்றுள் பத்தாண்டைக் கடந்து வாழ்ந்தவற்றை மட்டும் எண்ணினால் அது பெரிதும் குறுகிவிடும். இந்நிலைக்குக் காரணம் கேட்டால், பொருள் வசதியின்மை, வாசகர் ஆதரவின்மை என்னும் இரண்டும் உடனே விடையாக வருகின்றன. இவற்றுள் முதலாவது ஓரளவு உண்மை. இரண்டாவதோ ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று. வாசகர் ஆதரவு என்பது இதழ் பிறக்கும்போதே எங்கோ காத்திருக்கும் பொருளன்று. அஃது இதழால் ஆக்கப்படுவது. அதனை ஆக்குவதற்கு அவ்விதழ் என்ன செய்தது என்னும் வினாவை எழுப்பாமல் வாசகரைக் குறைகூறி அமைவது நேர்மையாகாது.

இவ்வினா வரலாற்று ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. எழுதத் தொடங்கும் மாணவனின் முதற்கதைக்கும் முதற்கவிதைக்கும் இடம் தந்துவந்த பக்கங்கள் அத்துடன் குறைந்தன. இனி எழுத வருவோர் தமக்குரிய ஏட்டைத் தாமே தொடங்கவும், தமக்குரிய வாசகரைத் தாமே தேடவும் வேண்டிய நிலை மிகுதியாகும். ஆதலின், தொடங்குவது எவ்வாறு, பரப்புவது எவ்வாறு என்பவற்றை முன்னோர் செயல்களைக் கொண்டு மதிப்பிடுதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தரும்.

புரவலரும் வாசகரும்

இதழ் வெளியீட்டிற்கென ஒரு முறை இந்நாட்டில் நிலைபெற்றுவிட்டது. மண்டபம் அமர்த்தப்படுகிறது. அரசியல் தலைவரோ வணிகப் பெருமகனாரோ தலைமை தாங்குகிறார். முதற்பிரதியைப் பெறும் சிறப்பு மிகுதியான தொகை வழங்குவோர்க்கு உரியதாகிறது. மாலையும் பொன்னாடையும் கைமாறுகின்றன. உறைகளில் அன்பளிப்புச் சேர்கிறது. முதலிதழின் முன்பக்கங்களை வாழ்த்துச் செய்திகளும் நிழற்படங்களும் நிரப்புகின்றன. அவற்றைக் கடந்து வரும் ஆசிரியவுரை, இவ்விதழை வாங்கி ஆதரிப்பது தமிழர் ஒவ்வொருவரின் கடமை என வேண்டுகோள் விடுக்கிறது.

இம்முறையால் நன்மையே இல்லை எனல் ஆகாது. அச்சுக்கூலி கிடைக்கிறது, நான்கு பேருக்கு இதழின் பெயர் தெரியவருகிறது. ஆயின், அம்மண்டபத்தில் இதழாசிரியர் சந்திப்பது புரவலரையேயன்றி வாசகரையன்று. புரவலர் தமிழ்ப்பற்றினாலோ நட்பினாலோ கொடுக்கிறார். கொடுப்பதற்கு அவர் இதழைப் படித்திருக்க வேண்டுவதில்லை. படித்தாரா என எவரும் அவரைக் கேட்பதுமில்லை. எஞ்சிய பணத்தில் இரண்டாம் இதழ் வெளிவந்துவிடும். மூன்றாம் இதழுக்கு விழா இல்லை, உறை இல்லை, வாழ்த்துச் செய்தியும் இல்லை. அப்போதுதான் அதற்காகக் காத்திருப்போர் எவரேனும் உளரா என்பது தெரியவருகிறது.

கடமையின் பெயரால் அழைப்பதில் மற்றொரு குறையும் உண்டு. கடமைக்காக வாங்கியவர் ஒருமுறை வாங்கியதும் கடமை தீர்ந்ததெனக் கொள்வார். விரும்பிப் படித்தவரே அடுத்த இதழ் ஏன் வரவில்லை என்று கேட்பார். முன்னவர் ஆயிரவர் இருந்தும் இதழ் நின்றுபோகலாம். பின்னவர் நூற்றுவர் இருப்பின் அதற்கு உயிர் உண்டு.

வாசகரை எழுதவைத்த இதழ்கள்

1887ஆம் ஆண்டு, விக்டோரியா அரசியாரின் பொன்விழாவை ஒட்டி, சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் சிங்கை நேசன் என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். 1890 வரை அவ்விதழ் வெளிவந்தது. அதில் 1888இல் இடம்பெற்ற ‘விநோத சம்பாஷணை’ என்னும் ஆக்கத்தை இவ்வட்டாரத் தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடியாக ஆய்வாளர் காட்டுவர். அது சிறுகதைதானா என்னும் விவாதம் ஒருபுறம் இருக்க, அது உரையாடல் வடிவில் அமைந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. மேடையில் நின்று வாசகருக்கு அறிவுரை கூறாமல், திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற வடிவம் அது. செய்தித்தாள் படிக்கும் பழக்கமே புதியதாக இருந்த காலத்தில், வாசகரைத் தன்பால் இழுக்கும் வழியை அவ்வாசிரியர் அறிந்திருந்தார் எனலாம்.

இதனினும் விரிந்த அளவில் செயற்பட்டவர் கோ. சாரங்கபாணி. 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூருக்கு வந்த அவர், 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தமிழ் முரசைத் தொடங்கினார். அது தொடக்கத்திலேயே நாளிதழாக வெளிவரவில்லை. கிழமைக்கு ஒருமுறை வரும் சிற்றேடாகத் தொடங்கி, 1937இல் நாளிதழாக வளர்ந்தது. வாசகர் பெருகப் பெருக ஏடு பெருகியது. ஏட்டின் பருமனைக் காட்டி வாசகரை ஈர்க்க அவர் முயலவில்லை. இன்று தொடங்கும்போதே நூறு பக்கம், வண்ண அட்டை எனத் திட்டமிடுவோர் இவ்வரிசை முறையை எண்ணிப்பார்த்தல் நலம்.

1950களில் தமிழ் முரசில் இயங்கிய மாணவர் மணிமன்றம் அவர் செய்த மற்றொரு பெரும்பணி. மாணவர் எழுதியவை அப்பகுதியில் அச்சேறின. தன் பெயரை அச்சில் கண்ட சிறுவன் அந்த ஒரு நாள் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. அவன் வீட்டாரும் வகுப்புத் தோழரும் ஆசிரியரும் அவ்வேட்டின் வாசகராகின்றனர். பின்னாளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெயர்பெற்ற எழுத்தாளர் பலர் அம்மன்றத்தில் பயின்றவர்களே. வாசகரை எழுத்தாளராக்கியதால் எழுத்தாளரும் கிடைத்தனர், வாசகரும் கிடைத்தனர்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் தமிழ் நூலகத்திற்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் அவர் நிதி திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோளாக இருந்தது. ஒருவரிடம் ஆயிரம் வெள்ளி பெறுதலும், ஆயிரவரிடம் ஒவ்வொரு வெள்ளி பெறுதலும் கணக்கேட்டில் ஒன்றே, இதழியலில் ஒன்றல்ல. முன்னதில் ஒரு புரவலர் கிடைக்கிறார். பின்னதில் அப்பணி தம்முடையது என்று கருதும் ஆயிரவர் கிடைக்கின்றனர்.

திருத்தமும் பரிசும்

இடம் தருவது மட்டும் போதுமா என்னும் வினா அடுத்து எழுகிறது. 1950ஆம் ஆண்டின் இறுதியில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் தொடங்கிய கதை வகுப்பு இதற்கு விடை தருகிறது. சிறுகதையின் இலக்கணத்தைப் பாடமாக விளக்கி, வாசகரிடமிருந்து கதைகளைப் பெற்று, அவற்றை மதிப்பிட்டுத் தரம் கூறியது அவ்வகுப்பு. இலக்கியத்தை வகுப்பு நடத்திக் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுதல் நியாயமே. அடக்கமும் தொடக்கமும் முடிவும் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்று விதி வகுத்தால், ஒரே அச்சில் வார்த்த கதைகள் தோன்றும் இடர் உண்டு. எனினும், தாம் எழுதியதை ஒருவர் கருத்தூன்றிப் படித்தார், இன்ன இடத்தில் குறையுண்டு என்று சொன்னார் என்னும் உணர்வைத் தொடக்க எழுத்தாளர்க்கு அது தந்தது. அவ்வுணர்வே அவரை அடுத்த கதை எழுதத் தூண்டுவது.

1970களில் அதே நாளிதழ் பவுன் பரிசுத் திட்டத்தை நடத்தியது. அதனால் கதைகள் பெருகின, எழுதாதிருந்தோரும் எழுதினர். ஆயின் பரிசு என்பது தீர்ப்பேயன்றி மறுமொழியன்று. வென்றவருக்கு அவர் வென்றார் என்பதை அது அறிவிக்கிறது. வெல்லாதவருக்கு ஏன் வெல்லவில்லை என்பதை விளக்குவதில்லை. பரிசை நம்பி எழுத வந்தவர் பரிசு நின்றதும் எழுதுகோலைக் கீழே வைப்பதும் வியப்பன்று. பவுன் வழங்க இயலாத சிறு ஏட்டினால் மறுமொழி வழங்க இயலும். வறிய இதழாசிரியரும் தாராளமாக வழங்கக்கூடிய செல்வம் அஃது ஒன்றே.

‘எழுத்து’ காட்டும் பாடம்

இனித் தமிழகத்து எடுத்துக்காட்டு ஒன்றை நோக்கலாம். சி. சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு ஜனவரியில் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிகளுக்குமேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். இலட்சக்கணக்கில் விற்கும் இதழ்களின் காலத்தில் இது விந்தையான அறிவிப்பு. அந்த இரண்டாயிரத்தையும் இதழ் எட்டியதில்லை என்பது வேறு. இருந்தும் 1970 வரை அது நடைபெற்றது. புதுக்கவிதை தமிழில் வேரூன்றியது அதன் பக்கங்களில்தான். அவ்விதழ்க் கவிதைகளிலிருந்து 1962இல் தொகுக்கப்பெற்ற ‘புதுக்குரல்கள்’ நூலில் 24 கவிஞரின் 63 கவிதைகள் இடம்பெற்றன. திருகோணமலையில் இருபது வயதை ஒட்டிய இளைஞராக இருந்த தருமு சிவராமு அதில் எழுதினார். வெங்கட் சாமிநாதனின் திறனாய்வு அங்குத் தொடங்கியது. சிலரே படித்தனர், படித்தோருட் பலர் எழுதினர்.

செல்லப்பாவின் உயர்வெல்லை அறிவிப்பை ஆணவம் என்பாரும் உளர். ஆழ்ந்து நோக்கின், தம் வாசகர் யார் என்பதை அவர் வரையறுத்துக்கொண்டதன் அடையாளமாகவே அது தோன்றும். எல்லாருக்குமான இதழ் எனத் தொடங்குவது எவருக்கும் உரியதாகாமல் முடிவதுண்டு. மேலும், குறைவான வாசகர் போதும் என்ற அவர் அவர்களைத் தேடாமல் இருந்தாரல்லர். தம் வெளியீடுகளைச் சுமந்துகொண்டு ஊர்தோறும் சென்று, கல்லூரி வாயில்களில் ஆசிரியரையும் மாணவரையும் கண்டு விற்றார். எழுத்தாளன் விற்பனையில் இறங்குவது இழுக்கு என்னும் எண்ணம் அவரிடம் இருந்ததில்லை.

அவர் செய்தவை அனைத்தும் பின்பற்றத்தக்கவை என்று கொள்ளுதல் தவறு. மனைவியின் நகைகளும் அவ்விதழுக்குச் செலவாயின. இத்தகைய இழப்பை இலக்கிய வீரமாகப் புகழ்வது எளிது. அதன் சுமையைத் தாங்குவது குடும்பம். எழுதத் தொடங்கும் இளைஞருக்கு ஆசிரியர் காட்ட வேண்டியது செல்லப்பாவின் நடையையேயன்றி நகை விற்ற கதையை அன்று.

தடைகளும் வழிகளும்

மலேசியாவில் பருவ இதழ் நடத்துவோர்க்குச் சட்டத் தடை உண்டே என்று சிலர் கூறுவர். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் உள்துறை அமைச்சின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய நிலை 2012இல் நீங்கிற்று. அனுமதி பெறும் கடமை நீங்கவில்லை. அச்சுச் செலவும் தாளின் விலையும் பெருந்தடைகளே. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயின், இத்தடைகள் யாவும் அச்சிடுவதற்குரிய தடைகள்; எழுதுவதற்கும் வாசகரைப் பெறுவதற்கும் உரியவையல்ல.

இவ்வுண்மையைத் தமிழ்ப்பள்ளிகளின் கையெழுத்து ஏடுகள் மெய்ப்பித்தன. ஒரே பிரதி, அது கைமாறிக் கைமாறி வகுப்பு முழுவதும் செல்லும். இறுதித் தாள்கள் வாசகர் கருத்துக்கென வெறுமையாக விடப்படும். ஒரு மாதத்தில் அத்தாள்கள் நிரம்பினவா என்பதே அவ்வேட்டின் வெற்றிக்கு அளவுகோல். செலவு ஒரு குறிப்பேட்டின் விலை. இதழியலுக்கு இன்றியமையாத மூன்றும், அதாவது எழுதுவோன், படிப்போன், மறுமொழி ஆகியவை, அதில் அடங்கியிருந்தன.

எனவே, தொடங்க விரும்புவோர் முதலில் விழாக்குழுவை அமைத்தல் வேண்டா. தம் வாசகர் இன்னார் என்று முடிவு செய்தல் வேண்டும். தமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைக் குறுகிய எல்லையில் எடுத்துக்கொள்ளலாம். தோட்டப்புற வாழ்வின் நினைவுகளோ, சிறுவர் கதைகளோ, புதுநூல்களின் மதிப்புரையோ, எதுவாயினும் அவ்வேட்டைத் திறப்பவர் இன்னதைப் பெறலாம் என்னும் உறுதி வேண்டும். மூன்று இதழ்களுக்குரிய எழுத்துகள் கையில் சேர்ந்த பின்னரே முதலிதழை வெளியிடுதல் நன்று. பக்கம் எட்டே ஆயினும் சொன்ன நாளில் வருதல் வேண்டும். காலந்தவறும் இதழைக் காத்திருந்து படிக்க எவரும் பழகார். வரும் மடல் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி செல்லுதல் வேண்டும். பிறர் ஏடுகளைப் படித்து அவற்றைப் பற்றி நேர்மையாக எழுதுவோரின் ஏட்டைப் பிறரும் படிப்பர். முதற்பிரதியைத் தலைவரின் கையில் கொடுப்பதினும், பத்துப் பிரதிகளைப் படிக்கும் பழக்கமுடைய பத்துப் பேரிடம் நேரில் கொடுத்து, மறுவாரம் சென்று அவர்தம் கருத்தைக் கேட்பது மிகுபயன் தரும். குறை சொல்வோர் கிடைப்பின் அதனை இழுக்காகக் கொள்ளலாகாது. படிக்காதவர் குறை சொல்ல இயலாது அன்றோ?

ஆசிரியரின் பங்கு இதில் பெரிது. மாணவரின் எழுத்தை ஆண்டு மலருக்கென ஒருமுறை கேட்டு வாங்கி, திருத்தி, அச்சிட்டு, மறந்துவிடுதல் போதாது. ஒருவன் எழுத, மற்றொருவன் படித்துக் கருத்துரைக்க, எழுதியவன் அதற்கு விடைகூறும் பழக்கத்தை மாதந்தோறும் வகுப்பறையில் வளர்த்தல் வேண்டும். அப்பழக்கம் பெற்ற மாணவருள் எழுத்தாளராவோர் சிலரே. ஆயின் எஞ்சியோர் அனைவரும் வாசகராவர். வாசகர் இல்லை என்று வருந்தும் இதழாசிரியருக்கு அவர்களே மூன்றாம் இதழைக் கேட்டு வாங்குவோர்.