தழுவலும் களவும்: திருகோணமலை நூல்கள் சிலவற்றை முன்வைத்து

ஈழத்துத் தமிழ் நாவலின் தோற்றத்தை ஆராய்வோர், 1885 இல் சித்திலெவ்வை வெளியிட்ட ‘அசன்பேயுடைய சரித்திர’த்தை அடுத்து, 1891 இல் வெளிவந்த ‘ஊசோன் பாலந்தை கதை’யைக் குறிப்பிடுவது வழக்கம். அதன் ஆசிரியர் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி. காட்டில் தாயைப் பிரிந்த இரட்டையருள் ஒருவன் கரடியிடமும் மற்றவன் அரண்மனையிலும் வளரும் இக்கதை, ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய ‘வலன்ரைனும் ஓர்சனும்’ என்ற வீரக்கதையின் வழிவந்தது. பிரெஞ்சு மொழியில் 1489 இல் லியோன் நகரில் அச்சேறிய அக்கதை, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது.

அவ்வாறாயின் இன்னாசித்தம்பி செய்தது இலக்கியக் களவாகுமா? நூலின் பெயரே இதற்கு விடை தருகின்றது. ஓர்சன் ஊசோனாகவும் வலன்ரைன் பாலந்தையாகவும் தமிழுருப் பெற்றனரேயன்றி, வேறு பெயர் பூண்டு மறைந்து நிற்கவில்லை. பிறர் கதையைத் தனதாக்கிக்கொள்ள விரும்புபவன் முதலில் மாற்றுவது பெயர்களையே. இங்கோ மூலக்கதையின் முகவரி அட்டையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ‘ஈழத்தின் இரண்டாவது நாவல்’ என்னும் பட்டம் பிற்கால வரலாற்றாசிரியர் சூட்டியது. அதற்கான பொறுப்பை இன்னாசித்தம்பிமீது சுமத்துதல் முறையன்று.

நான்காண்டுகளின்பின், 1895 இல், சென்னையில் வெளியான ‘மோகனாங்கி’யை இதனுடன் ஒப்புநோக்குதல் பயனுடையது. அதனை இயற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையினரே. மதுரைச் சொக்கநாத நாயக்கர், தஞ்சை விசயராகவ நாயக்கரிடம் பெண்கேட்டு மறுக்கப்பட்டமையும் அதனையொட்டி எழுந்த போரும் வரலாற்றுச் செய்திகள். அவை எவர்க்கும் தனியுடைமையல்ல. அச்செய்திகளைக்கொண்டு ஆசிரியர் புனைந்த காட்சிகளும் உரையாடல்களுமே அவருக்குரியன. பொதுச்சொத்து எது, ஒருவரின் ஆக்கம் எது என்னும் எல்லை இந்நாவலில் தெளிவாகவே தெரிகின்றது.

தமிழிலக்கண மரபு இவ்வெல்லையை அறியாததன்று. முதல், வழி, சார்பு என நூல்களை வகுத்த நன்னூலார், பிறர் நூலைத் தழுவுதலை இழிவாகக் கொள்ளவில்லை. வழிநூல் வழிநூலென்றே அறியப்படல் வேண்டும் என்பதே அவ்வகுப்பின் உட்கிடை. தமிழகத்தில் 1930களின் பிற்பகுதியில் தழுவலை எதிர்த்து, மொழிபெயர்ப்பே வேண்டும் என்று வாதிட்டவர் புதுமைப்பித்தன். அவர் கதைகள் சிலவே மாப்பசானின் தழுவல்கள் என ஆய்வாளர் பின்னர் சுட்டிக்காட்டியமை இலக்கிய வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அவற்றின் மூலம் உரிய காலத்தில் குறிக்கப்பட்டிருப்பின், அவ்வளவு மை செலவாகியிராது.

இன்றைய நிலை வேறு. எழுதியவரே தம் பணத்தில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் சில நூறு படிகளை விற்று, எஞ்சியவற்றை வீட்டில் அடுக்கிவைத்தல் ஈழத்தில் பெருவழக்காகிவிட்டது. பதிப்பாசிரியர், மதிப்பீட்டாளர், வெளியீட்டாளர் ஆகிய மூவர் பணியும் ஒருவர் தலையிலேயே விழுகின்றது. விழா மேடையில் நிகழ்த்தப்படும் ‘நூலாய்வுரை’யோ பெரும்பாலும் வாழ்த்துரையாகவே முடிகின்றது. முந்திய நூலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பின்னர் மேடையேறும் ஆய்வுரையாளர் அரியர்.

திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இதனால் விளையும் கேடு சிறிதன்று. கோணேசர் கோயில் வரலாறு எழுதுவோர் அனைவரும் ‘கோணேசர் கல்வெட்டு’, ‘தட்சிணகைலாச புராணம்’ ஆகியவற்றை நாடியே தீரவேண்டும்; அது குற்றமன்று. ஆயின் இம்மாவட்டத்துச் சாசனங்களை வெயிலில் நின்று படியெடுத்து, சிதைந்த எழுத்துகளைக் கூட்டிப் பொருள்கண்ட கா. இந்திரபாலா, செ. குணசிங்கம், சி. பத்மநாதன் போன்றோரின் வாசிப்புகளை, கல்லிலிருந்து நேரே படித்தவர்போல் எடுத்தெழுதுதல் களவே. கல் பொதுவுடைமை, வாசிப்பு உழைப்பு. துறைமுகத்தை அண்டிய கடற்றொழிலாளர் குடியிருப்புகளில் அம்பாப் பாடல்களைக் கேட்டுத் தொகுப்போரின் உழைப்பும் அத்தகையதே. பாடலுக்கு ஆசிரியர் பெயரில்லை என்பது தொகுத்தவர் பெயரை அழிப்பதற்கு உரிமையாகாது.

தடுக்கும் வழிகளைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் பல உள. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்கும் சர்வதேச நியம நூல் எண்ணைப் பதிப்புரிமைச் சான்றெனக் கருதுவோர் உளர். அது நூலை அடையாளங் காணும் எண் மட்டுமே; உள்ளிருப்பது யாருடையது என்பதை அது சொல்லாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிவு எதுவுமின்றியே படைப்பு தோன்றியவுடன் பாதுகாப்பும் தோன்றுகின்றது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். தம் பெயர் குறிப்பிடப்படவேண்டும் என்று கோரும் உரிமையும் ஆசிரியருக்கு உண்டு. எனினும் முந்நூறு படி அச்சிட்டவர் வழக்கறிஞரை அமர்த்தி நீதிமன்றம் ஏறுவது எளிதன்று. ஆதலின் சட்டத்தைவிடச் சான்றே அவருக்கு உடனடித் துணை. திகதியிட்ட கையெழுத்துப்படியைப் பேணுதலும், நூலை நூலகங்களில் சேர்ப்பித்தலும் இதன்பாற்படும். அச்சிட்ட நூலின் படிகளை அரசிடம் ஒப்படைக்கும் கடமை 1885 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. அதனைச் சுமையென எண்ணித் தட்டிக்கழிப்போர், தம் நூலின் காலத்தைக் காட்டும் சாட்சியைத் தாமே இழக்கின்றனர். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துள்ளமையால், முன்னர் ஒன்றையொன்று சந்தித்திராத இரு நூல்களை இன்று ஒரே மேசையில் ஒப்பிடலாம்.

அவ்வாறு ஒப்பிடுவோர் முதலில் தேடவேண்டியது கருத்தொற்றுமையையன்று, பிழையொற்றுமையையே. ஒரே மூலத்தைப் பயன்படுத்திய இருவர் ஒரே உண்மையைக் கூறுதல் இயல்பு. முதல் நூலில் தவறிய ஆண்டும், விடுபட்ட வரியும், அச்சுக்கோப்பவர் கைதவறிப் புரட்டிய ஊர்ப்பெயரும் இரண்டாம் நூலில் அப்படியே மீண்டும் தோன்றுமாயின், அதற்கு வேறு விளக்கம் காண்பது அரிது.