உசுப்பியதா, தூண்டியதா? – ஒரு சொல்வரிசை பற்றிய சில எண்ணங்கள்

ஆங்கிலத்தில் 'ஸ்டிர் அப்' என்றொரு தொடர்வினை உண்டு. ஒத்தபொருட் சொற்களைத் தொகுத்துத் தரும் நூல் எதைப் புரட்டினாலும் அதற்கு எதிரே ஒரு நீண்ட வரிசை நிற்கும்: அஜிடேட், டிஸ்டர்ப், ப்ரொவோக், இன்சைட், இன்ஸ்டிகேட், ஃபொமென்ட், ரௌஸ். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இருப்பது வெறும் காற்புள்ளிதான். அந்தக் காற்புள்ளியை நம்பி நான் ஒருமுறை பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, மும்பையில் ஒரு பட்டறையில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களில் பாதிப்பேர் நம் தென்மாவட்டத்துக்காரர்கள். விசாரணையில் அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தர என்னைக் கூப்பிட்டார்கள். ஒருவர் சொன்னார்: "காலையில நாந்தான் சார் எல்லாரையும் உசுப்பிவிட்டேன்." நான் யோசிக்கவே இல்லை. 'இன்சைட்' என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னதோ, விடிகாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தட்டி எழுப்பியதை! அவர் ஊர்ப்பக்கம் 'உசுப்பு' என்றால் முதலில் அதுதான் பொருள். தவறு தெரிந்து நான் திருத்தம் எழுதிக் கொடுப்பதற்குள் அந்த மனிதருக்கு மூன்று வாரச் சம்பளம் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே வரிசையின் கடைசியில் 'ரௌஸ்' காத்துக்கொண்டிருந்தது. துயிலெழுப்புவதற்கும் அதுதான், உணர்ச்சியை எழுப்புவதற்கும் அதுதான். 'உசுப்பு'க்கு அச்சாகப் பொருந்தும் சொல். நான்தான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட 'தெசாரஸ்' நூலைக் குறைசொல்ல நான் வரவில்லை. சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கி, எழுதுகிறவருக்கு மறந்துபோன சொல்லை நினைவூட்டுவதற்காக அவர் செய்த நூல் அது. ஏற்கெனவே மொழி தெரிந்தவருக்கான துணை. நாம் அதை மனப்பாட நூலாக்கிவிட்டோம். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் மனப்பாடம் செய்து வளர்ந்த மரபு நம்முடையது. பழக்கம் விடவில்லை போலும். ஆனால் நிகண்டு படித்த மாணவன் கூடவே இலக்கியமும் படித்தான். சொல் புழங்கும் இடத்தை அங்கே கண்டுகொண்டான். நாம் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அந்த வரிசையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 'டிஸ்டர்ப்' என்பதற்குள் கூட்டத்தின் கூச்சலைக் குறிக்கும் 'டர்பா' என்ற இலத்தீன் சொல் இருக்கிறது. 'அஜிடேட்' ஓயாமல் விரட்டுவது. 'ப்ரொவோக்' வெளியே வா என்று அழைப்பது. 'இன்ஸ்டிகேட்' தார்க்குச்சியால் குத்துவது. 'ஃபொமென்ட்' என்பது சூடான ஒத்தடத்திலிருந்து வந்தது. இன்றும் ஒத்தடத்துக்கு மருத்துவர்கள் 'ஃபொமென்டேஷன்' என்றுதானே சொல்கிறார்கள்? மெல்ல மெல்லச் சூடேற்றிப் பகையை வளர்ப்பவனும், குச்சியால் குத்துபவனும் ஒரே குற்றவாளிகளா?

நம் மொழியில் இந்த வேறுபாடு சமையலறையிலேயே தொடங்கிவிடுகிறது. மோரைக் கலக்குகிறோம், உப்புமாவைக் கிளறுகிறோம், அல்வாவைக் கிண்டுகிறோம், தயிரைக் கடைகிறோம், குழம்பை அகப்பையால் துழாவுகிறோம், மருந்துக் குப்பியைக் குலுக்குகிறோம். இடம் மாற்றிச் சொன்னால் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். விளக்குத் திரியை மேலே தள்ளிவிடுவது தூண்டுதல். அதிலிருந்துதான் மனிதரைத் தூண்டுவதும் நமக்குப் புரிகிறது. மனிதரிடம் வரும்போது வகைகள் இன்னும் பெருகுகின்றன. கொம்பு சீவிவிடுவது வேறு, சிண்டு முடிந்துவிடுவது வேறு. முன்னதற்கு ஒருவர் போதும், பின்னதற்கு இருவர் வேண்டும். குட்டையைக் குழப்புகிறவனுக்கோ மீன்மேல்தான் கண்.

பார்க்கும் இடமும் சொல்லை மாற்றும். பாற்கடலைக் 'கடைந்தார்கள்' என்பது நம் வழக்கு. அமுதம் வேண்டியவர்களின் பக்கத்துச் சொல் அது. ஆய்ச்சியர் குரவையில் இளங்கோவடிகளோ அதே செயலுக்குக் 'கலக்கு' என்ற வினையை ஆள்கிறார். கடலின் வயிற்றைப் பார்க்கிறார். இதை எந்த அகராதியின் காற்புள்ளி காட்டும்? இன்றைய இளைஞரோ, "கலக்கிட்டீங்க சார்" என்று பாராட்டுகிறார். ஆங்கிலத்திலும் 'ஸ்டிரிங்' என்றால் புகழ்ச்சி, 'ஸ்டிர் அப்' என்றால் பெரும்பாலும் பழி.

இதெல்லாம் புலவர் பொழுதுபோக்கு என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். 1870-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124-அ பிரிவு, அரசின்மீது வெறுப்புணர்வை 'எக்ஸைட்' செய்வதைக் குற்றமாக்கியது. 1908-ல் இதே மும்பையில் திலகர் வழக்கு நடந்தபோது, கேசரியில் வந்த மராத்திக் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு சரியில்லை என்று அவர் சொல் சொல்லாக எதிர்த்து வாதாடினார். கிடைத்தது ஆறாண்டு, மாண்டலேச் சிறை. அதே ஆண்டு வ.உ.சி. தமிழில் பேசிய பேச்சுக்காக வெள்ளைக்கார நீதிபதியின் முன் நின்றார். விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை; மேல்முறையீட்டில்தான் குறைந்தது. மேடையில் ஒரு மொழி, தீர்ப்பில் இன்னொரு மொழி. நடுவே யாரோ ஒருவர் என்னைப்போலப் பேனாவோடு உட்கார்ந்திருந்திருப்பார்.

விடுதலைக்குப் பின் நம் நீதிமன்றங்கள் இந்த வரிசையைப் பிரித்துப் பார்த்திருக்கின்றன. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையையோ பொதுக்குழப்பத்தையோ தூண்டும் நோக்கமோ இயல்போ உள்ள பேச்சுக்கே 124-அ பொருந்தும் என்று எல்லை வகுத்தது. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், ஒன்றைப் பற்றி விவாதிப்பது, அதற்காகப் பரிந்து பேசுவது, தூண்டிவிடுவது என மூன்றாகப் பிரித்து, மூன்றாவதை எட்டினால்தான் பேச்சைத் தடுக்கலாம் என்றது. எரிச்சல், அசௌகரியம் என்று தெளிவற்ற சொற்களை அடுக்கியிருந்த 66-அ பிரிவு அதில் அடிபட்டுப் போயிற்று. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 152-ஆம் பிரிவிலும் 'எக்ஸைட்' இருக்கத்தான் செய்கிறது. ஆகவே சொல்லாராய்ச்சிக்கு ஓய்வில்லை.

சொல்லுக்குச் சொல் கொடுப்பதோடு நில்லாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-ல் வந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. ஆங்கில-தமிழ் அகராதிகளுக்கும் அந்த வழியே வேண்டும் என்பது என் கருத்து. எதை, யார், எந்தக் கருவியால், எதற்காகக் கலக்குகிறார் என்று ஒரு வாக்கியமாவது சொல்லாத அகராதி அரை அகராதிதான்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். நாளைக்கு யாருடைய வாக்குமூலத்தையோ இவர்கள்தான் மொழிபெயர்க்கப் போகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பேனாவை எடுக்கும் முன், "அண்ணே, உசுப்பினேன்னு சொன்னீங்களே, என்ன செஞ்சீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.