செத்த நாயும் ராஜபந்தியும்

2 சாமுவேல் 9ஆம் அதிகாரம் கிருபையின் கதையாகவே பிரசங்கிக்கப்பட்டு வருகிறது. சவுலின் பேரன், யோனத்தானின் மகன் மேவிபோசேத். இரண்டு கால்களும் முடம். லோதேபாரில் மாகீர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்தவனைத் தாவீது வரவழைத்து, சவுலின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தினமும் தன் பந்தியில் சாப்பிடவைக்கிறான். அவன் தரையில் விழுந்து வணங்கி, தன்னைச் செத்த நாய் என்கிறான். தகுதியில்லாதவனுக்குக் கிடைத்த தயவு, அதற்கேற்ற தாழ்மை. ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

பிரதி அவ்வளவு லேசில் விடுவதில்லை. தாவீது அவனிடம் பயப்படாதே என்கிறான். கவிழ்ந்துபோன வம்சத்தின் வாரிசைப் புது ராஜா கூப்பிட்டனுப்பினால் எதுக்கு என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அந்த விழுதலில் பணிவு எவ்வளவு, உயிர்ப்பயம் எவ்வளவு? 'செத்த நாய்' கூட, சவுல் துரத்தியபோது தாவீது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான் (1 சாமு. 24). ஆட்சி மாறியதும் துரத்தப்பட்டவனின் மொழி சவுலின் பேரன் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தயவு என்று நாம் வாசிக்கும் இடத்தில் இருக்கும் எபிரேயச் சொல் ஹெசெத். உடன்படிக்கைக்கு விசுவாசமாக நடந்துகொள்வது என்ற அர்த்தமும் அதற்கு உண்டு. தன் வீட்டாருக்கு அதைச் செய்யவேண்டும் என்று யோனத்தான் முன்பே தாவீதிடம் வாக்கு வாங்கியிருந்தான் (1 சாமு. 20). ஆக, தாவீது தீர்ப்பது கடன். அரண்மனையில் அது தானமாகத் தெரிகிறது. நிலத்தை உழப்போவது யார்? சவுல் வீட்டு வேலைக்காரன் சீபா, அவனுடைய 15 மகன்கள், 20 வேலைக்காரர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அப்சலோமின் கலகத்தில் தாவீது ஊரைவிட்டு ஓடும்போது சீபா 200 அப்பமும் ஒரு துருத்தி திராட்சரசமும் கொண்டுவந்து, எஜமான் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டதாகக் கோள் சொல்கிறான். விசாரணை கிடையாது, நிலம் முழுக்க சீபாவுக்கு. தாவீது திரும்பும்போது மேவிபோசேத் எதிர்கொண்டு வருகிறான் (19ஆம் அதிகாரம்). ராஜா போன நாளிலிருந்து காலைப் பேணவில்லை, தாடியை ஒதுக்கவில்லை, துணி வெளுக்கவில்லை. வேலைக்காரன் ஏமாற்றியதைச் சொல்கிறான். தாவீது சலிப்போடு, ஆளுக்குப் பாதி என்கிறான். முழுசும் அவனே எடுத்துக்கட்டும், ராஜா சுகமாக வந்ததே போதும் என்பது இவன் பதில்.

முதல் தாழ்மையை நான் நம்பவில்லை. இந்த அழுக்குத் துணியை நம்புகிறேன். உயிர் பிழைத்தவனின் சாதுர்யம் என்று இதையும் வாசிக்கலாம், வாஸ்தவம். ஆனால் துணியைப் பற்றிச் சொல்வது அவனல்ல, கதைசொல்லி. அப்சலோம் கைக்குள் இருந்த எருசலேமில், தாவீது பிழைப்பானா என்றே தெரியாத நாட்களில், அப்படி நடமாடுவது ஆபத்து. முறையிட எனக்கு உரிமையில்லை என்று அவன் சொல்வதும் முறையிட்டு முடித்த பிறகுதான். நன்றி அவன் வாயை அடைக்கவில்லை.

21ஆம் அதிகாரத்தில் சவுல் வீட்டார் ஏழுபேர் கிபியோனியர் கையில் கொல்லப்படுகிறார்கள். யோனத்தானுக்குக் கொடுத்த ஆணைக்காக இவன் தப்புகிறான். செத்தவர்களில் இன்னொரு மேவிபோசேத், ரிஸ்பாளின் மகன். பாறைமேல் இரட்டை விரித்து, பிணங்களைப் பறவைகள் அண்டவிடாமல் அவள் காத்துக்கிடக்கிறாள். ராஜபந்தியில் அன்றைக்கும் சாப்பாடு இறங்கியதா என்று பிரதி சொல்லவில்லை.